அத்தியாயம் 7: துணி நட்சத்திரமும் சவுக்குக்காய்த் தோரணமும்

கிறிஸ்துமஸ் அலங்கார வேலையை டிசம்பரில் தொடங்கினால், பெரிய முதலியார்சாவடி போன்ற கடலோர ஊரில் கையில் மிஞ்சுவது காயாத காய்களும் பூசணம் பிடித்த ஓலையும்தான். அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். அதன்பிறகு எந்த வாரம் வெயில் வரும், எந்த வாரம் புயல் வரும் என்று சொல்ல முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, இந்தக் கரையோரம் முழுக்க வீட்டுக்குள் இருந்த துணியே காயவில்லை. வெளியில் உலர்த்தியதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே இந்த அத்தியாயத்தில் தையல் நுணுக்கத்தைவிட வரிசைதான் முக்கியம். இயற்கைப் பொருட்களை மழைக்கு முன் சேர்த்துக் காயவைக்க வேண்டும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து தைக்க வேண்டும். மார்கழி பிறந்தபின் மாட்ட வேண்டும்.

செய்யப்போவது இரண்டு பொருட்கள். ஒன்று, 20 அங்குலச் சதுரத்தில் எட்டுமுனை நட்சத்திரம் கொண்ட சுவர்த்தொங்கல்: ஒட்டுத்துணிகளை இணைத்து, நடுவில் அடுக்கு வைத்துத் தைப்பது. இன்னொன்று, சவுக்குக்காய், பனையோலை, மஞ்சாடி விதை, துணித் துணுக்கு இவற்றைக் கொண்டு செய்யும் தோரணமும் தொங்கட்டங்களும்.

எந்த மாதம் எந்த வேலை

1. புரட்டாசி: காய், விதை, ஓலை, சிப்பி சேர்ப்பது, கழுவுவது, காயவைத்து டப்பாவில் அடைப்பது. துணிகளைத் துவைத்து உலர்த்துவதும் இதே மாதம்.
2. ஐப்பசி: வெட்டுவதும் இணைப்பதும்.
3. கார்த்திகை: அடுக்கு வைத்துத் தைப்பது, விளிம்பு கட்டுவது. மின்சாரம் போய்ப்போய் வரும் மாதம் என்பதால் கைத்தையல் வேலையை இதற்கு ஒதுக்கியிருக்கிறேன்.
4. மார்கழி முதல் வாரம்: தோரணம் கோப்பது, மாட்டுவது.

பகுதி 1: தரையில் கிடப்பதைச் சேர்த்தல்

சவுக்குக்காய்

மரக்காணம் வரை கடலோரம் நெடுகச் சவுக்குத் தோப்புகள் இருக்கின்றன. மரத்திலிருந்து பறிக்காதீர்கள், பச்சைக் காய் சுருங்கும், கோத்த கம்பி தளர்ந்துவிடும். கீழே உதிர்ந்து பழுப்பேறிய காய்களே வேண்டும். தோப்பு பெரும்பாலும் தனியாருடையது, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நுழையுங்கள்.

1. காய்களை முறத்தில் போட்டுப் புடையுங்கள். மணலும் இறகு போன்ற சிறு விதைகளும் உதிர்ந்துவிடும்.
2. ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். உள்ளே இருக்கும் எறும்பு வெளியேறும்.
3. சாக்கின் மேல் பரப்பி மூன்று நாள் நல்ல வெயிலில் வையுங்கள். இரவில் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பனியில் பாதி வேலை வீண்.
4. காற்றுப் புகாத டப்பாவில் நாலைந்து காய்ந்த வேப்பிலைக் கொத்தோடு அடைத்து வையுங்கள்.

எச்சரிக்கை: சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புமேல் தோசைக்கல்லில் போட்டு வறுக்காதீர்கள். சவுக்கு நல்ல விறகு. காயும் அப்படியே பற்றும்.

பனையோலை

வெளிர் மஞ்சள் நிறம் வேண்டுமானால் குருத்தோலை, பழுப்பு நிறம் போதுமென்றால் காவோலை. குருத்து என்பது மரத்தின் அடுத்த வளர்ச்சி. அலங்காரத்துக்காக அதை வெட்டச் சொல்லாதீர்கள். ஏறுகிறவர்கள் வேறு காரணத்துக்காக இறக்கிய ஓலையில் இளசாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களே ஏறுவது, அதிலும் மழையில் நனைந்த மரத்தில் ஏறுவது, கூடவே கூடாது. குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை மடித்துப் பழகிய கைக்கு இந்த வேலை எளிதாக வரும்.

ஓலையைப் பாய் விரிப்பதுபோல் பரப்பாமல், அரை அங்குல அகலத்தில் கிழித்து, நிழலில் கட்டித் தொங்கவிட்டு உலர்த்துங்கள். நேர் வெயிலில் சுருண்டுகொள்ளும். விளிம்பு கையை அறுக்கும் என்பதால் கிழிக்கும்போது ஆள்காட்டி விரலில் ஒரு துணிச்சுற்று இருக்கட்டும்.

சிவப்பு விதை: இங்கே கவனம்

பச்சையும் சிவப்பும் சேர்ந்தால்தான் கிறிஸ்துமஸ் என்று நினைப்பவர்கள் வேலியோரம் முதலில் தேடுவது குண்டுமணியைத்தான். கறுப்புப் பொட்டுள்ள அந்தச் சிவப்பு மணி அழகுதான். ஆனால் உள்ளே இருப்பது கடும் விஷம். முழு விதையாக விழுங்கினால் ஓடு தடுக்கலாம். துளையிட்டுக் கோத்த விதையில் அந்தத் தடுப்பும் போய்விடுகிறது. ஊசியால் குத்தும்போது கையில் ஏறினாலும் ஆபத்து. குழந்தைகள் உள்ள வீட்டில் குண்டுமணித் தோரணம் வேண்டவே வேண்டாம்.

பதிலாக மஞ்சாடி எடுங்கள். ஆனைக்குண்டுமணி என்றும் சொல்வார்கள். முழுச் சிவப்பு, பொட்டு இருக்காது, அளவிலும் சற்றுப் பெரியது. பொட்டு இருந்தால் குண்டுமணி, இல்லாவிட்டால் மஞ்சாடி என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். மஞ்சாடியையும் வாயில் போட விடக் கூடாது.

சிப்பி

இதில் நான் அதிகம் ஊக்கப்படுத்துவதில்லை. புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1980களின் இறுதியில் கட்டப்பட்ட பிறகு, அதற்கு வடக்கே உள்ள கரை அரித்துக்கொண்டே போனது. கோட்டக்குப்பம் தொடங்கிப் பொம்மையார்பாளையம் வரை பல இடங்களில் மணலுக்குப் பதில் பாறாங்கல் கொட்டிக் கிடக்கிறது. பாசி படிந்த அந்தக் கல்மேல் நின்று சிப்பி பொறுக்குவது, அதுவும் கடல் கொந்தளிக்கும் நவம்பர், டிசம்பரில், கால் உடைவதற்கான வழி.

மணல் உள்ள இடத்தில் கிடைத்தால் வெறும் மட்டி ஓடுகள் மட்டும் எடுங்கள். சங்கு வகைகளில் சிலவற்றுக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாப்பு உண்டு. எது எது என்று தெரியாதவர்கள் சங்கு இனத்தையே தொடாமல் விடுவது நல்லது. சுருள் ஓடுகளுக்குள் நண்டு குடியிருக்கும் என்பது இன்னொரு காரணம். எடுத்த ஓடுகளை நல்ல தண்ணீரில் இரண்டு நாள் போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். கடலுப்பு உள்ளே நின்றுவிட்டால் பிறகு துணியில் கசிந்து கறை வைக்கும்.

பகுதி 2: துணி தேர்ந்தெடுத்தல்

புதுத்துணி வாங்க வேண்டியதில்லை. பக்கத்துத் தையல்கடையில், "அண்ணே, காட்டன் வெட்டுத்துண்டு இருந்தா கட்டிவைங்க" என்று புரட்டாசியிலேயே சொல்லி வையுங்கள். தீபாவளித் தையல் தொடங்கியதுமே பை நிறையக் கிடைக்கும். ஆரோவில் இந்த ஊருக்கு அடுத்தாற்போல் இருப்பதால், அங்கே உள்ள ஆடைப் பட்டறைகளின் மிச்சத் துணியும் சிலருக்குக் கிடைக்கிறது. அவுரி போட்ட நீலத்துணி வந்தால் விடாதீர்கள். இரவு வானத்துக்கு அதைவிடப் பொருத்தமான பின்னணி இல்லை.

வெட்டுத்துண்டு மூட்டையில் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்தே வரும். பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிரிப்பதற்கு வழி இது.

1. துண்டின் ஓரத்திலிருந்து நாலைந்து இழைகளை உருவி முறுக்குங்கள்.
2. இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே தீக்குச்சியால் நுனியைப் பற்றவையுங்கள்.
3. காகிதம் எரியும் வாடையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் மாவாகும் சாம்பல் விழுந்தால் பருத்தி. இழை சுருண்டு உருகி, ஆறியதும் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர் கலந்தது.

உருகும் துளி தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். கையால் பிடித்துச் சோதிக்காதீர்கள். சுவர்த்தொங்கலில் பருத்தி மட்டும் போதும். இரண்டையும் கலந்தால் ஒன்று இஸ்திரிக்கு அடங்கும், மற்றது அடங்காது. வரிசையே கோணிக்கொள்ளும்.

அடுத்தது சாயம். சிவப்பும் அவுரி நீலமும்தான் ஏமாற்றும். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகக் கல்லுப்புப் போட்ட நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். பிறகு ஈரத்துணியின் மேல் வெள்ளைத் துணி வைத்து இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் இன்னும் இரண்டு முறை அலசுங்கள். அதற்கும் நிற்காத துணியைத் தூக்கி எறிய வேண்டாம். துவைக்கப்போகாத தொங்கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். உப்பு சாயத்தைக் கட்டிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். இப்போதைய ஆலைச் சாயங்களில் பலவற்றுக்கு அது உதவாது. இங்கே ஊறவைப்பது எந்தத் துணி சாயம் போகிறது என்று கண்டுபிடிக்கத்தான்.

தேவையான துணி

* பின்னணி: அரை மீட்டர்
* நட்சத்திரம்: அரை மீட்டர் (மஞ்சளோ சிவப்போ)
* கரை: கால் மீட்டர்
* விளிம்பு கட்ட: கால் மீட்டர்
* அடித்துணி: முக்கால் மீட்டர், பழைய வேட்டி போதும்
* நடு அடுக்கு: 24 அங்குலச் சதுரம்

நடு அடுக்குக்குக் குஷன் கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் வாடிங் வாங்கலாம். எனக்குப் பழைய பருத்திப் போர்வையே மேல். தட்டையாக விழும், இஸ்திரி தாங்கும், செலவும் இல்லை. பலமுறை துவைத்ததாக இருக்க வேண்டும், இனிச் சுருங்காது. இலவம்பஞ்சை மட்டும் பரப்பிவிடாதீர்கள். தலையணைக்கு அது அருமை. தொங்கவிட்ட துணியில் ஒரே மாதத்தில் அத்தனையும் கீழே இறங்கி உருண்டையாகிவிடும்.

பகுதி 3: சுவர்த்தொங்கல் தைத்தல்

கருவிகள்: தையல் எந்திரம் (இல்லாவிட்டாலும் முடியும், கீழே பாருங்கள்), நல்ல கத்தரி, மரஸ்கேல், மார்க்கிங் சாக், துருப்பிடிக்காத குண்டூசி, கைத்தையல் ஊசி, பருத்தி நூல், இஸ்திரிப் பெட்டி.

இந்தக் கரையில் இரும்பு குண்டூசி ஓரிரவு துணியில் நின்றால் காலையில் பழுப்புப் புள்ளி வைக்கும். பித்தளை அல்லது எவர்சில்வர் ஊசி வாங்குங்கள். அவற்றையும் வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

வெட்டும் அளவு

தையலுக்கு எல்லாப் பக்கமும் கால் அங்குலம் சேர்த்தே கீழுள்ள அளவுகள் தரப்பட்டுள்ளன. நீங்கள் தனியாகக் கூட்ட வேண்டாம்.

* நட்சத்திரத் துணி: 8½ அங்குலச் சதுரம் 1, 5 அங்குலச் சதுரம் 4
* பின்னணித் துணி: 5 அங்குலச் சதுரம் 4, 4½ அங்குலச் சதுரம் 4
* கரை: 2½ x 16½ அங்குலம் 2, 2½ x 20½ அங்குலம் 2
* விளிம்பு: 2½ அங்குல அகலப் பட்டை 3, துணியின் முழு அகலத்துக்கு
* அடித்துணி: 24 அங்குலச் சதுரம்
* மாட்டும் குழல்: 6 x 19 அங்குலம், அடித்துணியின் மிச்சத்திலிருந்து

துணியின் நேரிழை பார்த்து வெட்டுங்கள். குறுக்காக வெட்டிய சதுரம் இஸ்திரியில் இழுபட்டுச் சாய்சதுரமாகும்.

இணைத்தல்

1. 5 அங்குலச் சதுரங்களில் நட்சத்திரத் துணி ஒன்று, பின்னணி ஒன்று என்று நல்ல பக்கம் உள்ளே வருமாறு சோடி சேருங்கள். நான்கு சோடி வரும்.
2. ஒவ்வொரு சோடியின் மேலும் மூலைக்கு மூலை ஒரு கோடு போடுங்கள். கோட்டின் மேல் தைக்காமல், அதன் இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளி இரண்டு தையல் ஓட்டுங்கள்.
3. இப்போது கோட்டின் மேல் வெட்டுங்கள். ஒவ்வொரு சோடியிலிருந்தும் பாதிக்குப் பாதி நிறம் கொண்ட இரண்டு சதுரங்கள், ஆக மொத்தம் எட்டு கிடைக்கும்.
4. மடிப்பைக் கருநிறத் துணிப் பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள். பெட்டியை இழுக்காமல் வைத்து எடுங்கள்.
5. எட்டையும் 4½ அங்குலமாகச் சீர்செய்யுங்கள். மூலைக்கோடு சரியாக மூலையில் முடிய வேண்டும். இந்த வேலையைச் சோம்பலில் விட்டவர்களுக்குத்தான் நட்சத்திர முனை மழுங்கிப்போகிறது.
6. எட்டையும் இரண்டிரண்டாக இணையுங்கள். பின்னணி நிறம் இரண்டும் நடுவில் சேர்ந்து, வாய் வெளிப்பக்கம் பார்த்த புனல் வடிவம் வர வேண்டும். நான்கு சோடி ஆகும்.
7. தைக்கும் முன் எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பாருங்கள். நடுவில் பெரிய சதுரம், நான்கு பக்கமும் புனல்கள், மூலைகளில் பின்னணிச் சதுரங்கள். தள்ளி நின்று பார்த்தால் திரும்பிக் கிடக்கும் துண்டு உடனே தெரிந்துவிடும். செல்போனில் ஒரு படம் எடுத்துப் பார்ப்பதும் நல்லது.
8. மேல்வரிசை, நடுவரிசை, கீழ்வரிசை என்று மூன்றாகத் தைத்து, பிறகு மூன்றையும் இணையுங்கள். இப்போது 16½ அங்குலம் இருக்க வேண்டும்.
9. கரைப் பட்டைகளில் குட்டையானவை இரண்டும் முதலில் இடவலமாக, நீளமானவை இரண்டும் பிறகு மேல்கீழாக. மொத்தம் 20½ அங்குலம்.

அளவு கால் அங்குலம் குறைந்திருந்தால் பதற வேண்டாம். கரையை அதற்கேற்ப வெட்டிக்கொள்ளுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் குறைந்தால் தையல்விடுப்பு தடித்துவிட்டது என்று பொருள். அடுத்ததைத் தொடங்கும் முன் எந்திரத்தின் தகட்டில் கால் அங்குலத் தூரத்தில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

மூன்று அடுக்கைச் சேர்த்தல்

1. தரையில் அடித்துணியை நல்ல பக்கம் கீழே பார்க்க விரித்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். சுருக்கமில்லாமல் இருக்கட்டும், முறுக்கி இழுக்க வேண்டாம்.
2. அதன்மேல் போர்வைத் துண்டு. அதன்மேல் தைத்து முடித்த மேல்துணி, நல்ல பக்கம் மேலே.
3. நடுவிலிருந்து தொடங்கி, நாலு விரற்கடைக்கு ஒன்றாக ஊக்கு குத்துங்கள். பல நாள் வைத்துத் தைப்பதாக இருந்தால் ஊக்கு வேண்டாம். பிறகு பிரித்துவிடக்கூடிய நீளமான ஓட்டுத்தையலைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுவிடுங்கள்.
4. ஒற்றை நூலில் சிறு முடிச்சு. ஊசியை மேல்துணியில் ஓரங்குலம் தள்ளிக் குத்தி, தொடங்க வேண்டிய இடத்தில் வெளியே எடுத்து, நூலைச் சுண்டி இழுங்கள். 'டப்' என்று ஒரு மெல்லிய சத்தத்தோடு முடிச்சு துணிக்குள் போய் நடு அடுக்கில் மறைந்துகொள்ளும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் முடிச்சு இன்னும் வெளியில்தான் இருக்கிறது.
5. நட்சத்திரத்தின் கோடுகளுக்குக் கால் அங்குலம் உள்ளே ஓட்டுத்தையல் போடுங்கள். ஊசி மூன்று அடுக்கையும் தாண்டுகிறதா என்று அடியில் இடதுகை விரல் பார்த்துக்கொள்ளட்டும்.
6. எப்போதும் நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் நடுவில் துணி உப்பிக்கொண்டு நிற்கும். எந்த இடத்திலும் நான்கு அங்குலத்துக்கு மேல் தையலில்லாமல் விடாதீர்கள்.

தையலின் சீர் எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள், புதுச்சேரி ரோமன் ரோலன் வீதியில் குளூனி சபைக் கன்னியர் நடத்தும் பூத்தையல் மையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். அங்கே வேலையின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைக் கவனியுங்கள்.

விளிம்பும் குழலும்

தையல்காரரிடம் கேட்டால் விளிம்புக்குக் கிராஸ் துண்டு வெட்டச் சொல்வார். கழுத்து வளைவுக்குத்தான் அது தேவை. நமது ஓரங்கள் நேரானவை. நேரிழைப் பட்டையே போதும், துணியும் மிச்சம்.

1. மேல்துணியின் ஓரத்தை ஒட்டி, மிஞ்சிய போர்வையையும் அடித்துணியையும் நேராக வெட்டுங்கள்.
2. குழல் துண்டின் குட்டை ஓரங்கள் இரண்டையும் அரை அங்குலம் மடித்துத் தையுங்கள். நீளவாக்கில் நல்ல பக்கம் வெளியே வருமாறு மடித்து, வெட்டு ஓரங்களைத் தொங்கலின் பின்பக்க மேல் ஓரத்தோடு சேர்த்துக் குத்துங்கள்.
3. மூன்று விளிம்புப் பட்டைகளையும் இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள்.
4. முன்பக்கம் வெட்டு ஓரத்தோடு வெட்டு ஓரம் வைத்து, கால் அங்குலத்தில் தையுங்கள். மூலை வருவதற்குக் கால் அங்குலம் முன்னே நிறுத்தி, பட்டையை மேல்நோக்கி மடித்து, திரும்பக் கீழே மடித்து அடுத்த பக்கம் தொடருங்கள். மேல் ஓரம் தைக்கும்போது குழலும் சேர்ந்து பிடிபடும்.
5. பட்டையைப் பின்பக்கம் திருப்பிக் கையால் எம்மிங் போடுங்கள். குழலின் கீழ் மடிப்பை அடித்துணியோடு மட்டும் தையுங்கள். ஊசி முன்பக்கம் வந்துவிடக் கூடாது.

எந்திரம் இல்லாதவர்களுக்கு

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் கவண்டி என்ற ஒட்டுப்போர்வை தைக்கிறார்கள். நம் முறைக்கு நேர் எதிராக, ஒரு மூலையில் தொடங்கி ஓரமாகவே சுற்றிச் சுற்றித் தைத்து நடுவில் முடிப்பார்கள். அடித்துணியின் மேல் துண்டு துண்டாக வைத்து, ஓரத்தை உள்ளே மடித்து, அப்படியே ஓட்டுத்தையல். இணைப்பும் அடுக்குத்தையலும் ஒரே வேலையாக முடிந்துவிடும். விளிம்புப் பட்டையும் தேவையில்லை. கடைசியில் நான்கு மூலையிலும் பூலா என்ற மடித்த துணிப்பூவை வைப்பார்கள். அது இல்லாவிட்டால் போர்வை முழுமையாகாது என்பது அவர்கள் வழக்கம். இந்த முறையில் கூர்முனை நட்சத்திரம் வராது. ஆனால் நிறச்சதுரங்கள் நடுவில் மஞ்சளாகக் குவியும்படி வைத்தால் விளக்கொளி போலவே இருக்கும்.

உருவம் வேண்டுமென்றால் நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. தஞ்சாவூரில் தேர்களுக்குத் தொம்பை தைக்கிறவர்கள் வெட்டிய உருவங்களைத் துணிமேல் வைத்து ஓரம் தைக்கும் முறைதான். குடில், ஆட்டுக்குட்டி, மூன்று ராஜாக்கள் எல்லாம் அப்படி வைக்கலாம். முகத்துக்குக் கண் மூக்கு தைக்கப் போகாதீர்கள். வெறும் முகமே அழகு.

பகுதி 4: மிச்சத் துணியும் காயும் ஓலையும்

துணுக்குத் தொங்கட்டம்

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், 2004 டிசம்பர் 26 அன்று, இந்தக் கரையில் சுனாமி அடித்தது. அதன்பிறகு ஆரோவில்லின் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிலையம், உமா பிரஜாபதியின் முயற்சியில், சுற்றுவட்டார மீனவப் பெண்களுக்குப் பட்டறையின் மிச்சத் துணியில் விரல்நுனி அளவு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. சுனாமிகா என்று பெயர். விற்பதில்லை, பரிசாகவே கைமாறுகிறது. துயரத்திலிருந்து பெண்கள் மீள ஒரு கைவேலையாகத் தொடங்கியது அது. நகலெடுத்து விற்பதற்கான வடிவம் அல்ல. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, இரண்டு அங்குலத் துணுக்கும் வீணில்லை என்ற பாடத்தை மட்டும்.

1. தென்னை ஈர்க்கு ஐந்து, ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். நுனிகளைக் கிள்ளிவிடுங்கள், குத்தும்.
2. ஒரே கோட்டில் கை எடுக்காமல் நட்சத்திரம் போடுவோமே, அதே வரிசையில் ஈர்க்குகளை வைத்து முனைகளை நூலால் கட்டுங்கள்.
3. அரை அங்குலத் துணிக்கீற்றை ஈர்க்குமேல் இறுக்கிச் சுற்றிக்கொண்டே போங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் ஒரு சொட்டுப் பசை.

ஓலை நட்சத்திரம்

1. ஆறு அங்குல ஓலைக்கீற்றுகள் ஆறு எடுத்து அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போடுங்கள்.
2. இரு நுனிகளையும் கூராகக் கத்தரித்து, அடுக்கி, நட்டநடுவில் ஊசியால் துளையிடுங்கள்.
3. நூலில் ஒரு மஞ்சாடி, ஆறு கீற்று, மறுபக்கம் இன்னொரு மஞ்சாடி என்று கோத்து இறுக்கி முடியுங்கள். விதையைத் துளைக்கக் கைத்துளைப்பான் வேண்டும். விதையை இடுக்கியிலோ பலகையில் அழுந்தவோ வைத்துத் துளையுங்கள், விரலில் பிடித்துக்கொண்டு அல்ல.
4. கீற்றுகளை விசிறியாக விரித்து, ஒரு கனமான புத்தகத்தின் கீழ் உலரும்வரை வையுங்கள்.

சவுக்குக்காய்த் தோரணம்

மெல்லிய செம்புக் கம்பியைக் காயின் இரண்டு செதில் வரிசைக்கு நடுவே சுற்றி முறுக்கி, சிறு வளையம் விடுங்கள். பசையை நம்பாதீர்கள், ஈரக்காற்றில் பாதிக் காய் ஜனவரிக்குள் விழுந்துவிடும். சணல் கயிற்றில் ஐந்து காய், ஒரு ஓலை நட்சத்திரம், மூன்று மஞ்சாடி என்று கோத்தால் போதும். நெருக்கமாகக் கோத்தால் பாரம் கூடி நடுவில் தொய்யும்.

உப்புப் பனி வேண்டாம்

மரக்காணம் உப்பளம் பக்கத்திலேயே இருக்க, பசை தடவிக் கல்லுப்பில் புரட்டினால் பனிபோல் இருக்குமே என்று பலருக்குத் தோன்றும். இரண்டு நாள் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினாலே உப்பு நீரை இழுத்துக் கசியும். பாத்தி உப்பில் மக்னீசியமும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே கசியும். டிசம்பரில் பாத்திகளே மழைத்தண்ணீரில் மூழ்கிக் கிடக்க, உங்கள் தோரணம் மட்டும் எப்படிக் காய்ந்து நிற்கும்? சொட்டும் உப்புநீர் கம்பியைப் பச்சையாக்கும், துணியையும் கெடுக்கும்.

படிகாரம் பரவாயில்லை. 250 மில்லி கொதிநீரில் 75 கிராம் படிகாரப் பொடியைக் கரைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றுங்கள். காயில் சிறு கல்லைக் கட்டி, குறுக்கே வைத்த குச்சியிலிருந்து, பக்கத்தில் படாமல் உள்ளே தொங்கவிடுங்கள். அசைக்காமல் ஓரிரவு விட்டால் செதில் நுனிகளில் கண்ணாடிபோல் படிகம் கட்டியிருக்கும். கொதிநீர் வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். இதைத் துணியோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

தெர்மகோல் உருண்டையைத் தூவிப் பனி என்பதை நான் பரிந்துரைப்பதில்லை. காற்றடித்தால் அது போய்ச் சேரும் இடம் கடல்தான்.

பகுதி 5: மாட்டுதல்

* சுவரில் உப்புப் பூத்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் அந்த இடம் வேண்டாம். வேறு இடமில்லையென்றால் தொங்கலின் கீழ் இரு மூலைகளிலும் பின்பக்கம் ஒரு பாட்டில் மூடியைத் தைத்துவிடுங்கள். சுவருக்கும் துணிக்கும் இடையே காற்றோட்டம் கிடைக்கும்.
* குழலில் செருக 22 அங்குல மூங்கில் குச்சி அல்லது பட்டை உரித்துக் காய்ந்த சவுக்குக் குச்சி. பச்சைக்குச்சியின் சாறு துணியில் கறை வைக்கும். இரும்புக் கம்பி துருவேறும்.
* சவுக்குக் கிளையைக் கிறிஸ்துமஸ் மரமாக வைப்பது நம் ஊர் வழக்கம். வெட்டிய தோப்பில் மீந்த நுனியைக் கேட்டு வாங்கி, ஈரமணல் நிரப்பிய வாளியில் நடுங்கள். 22ஆம் தேதிக்கு முன் வெட்டினால் விழாவுக்குள் உதிரத் தொடங்கும்.
* காய்ந்த சவுக்கு, ஓலை, துணி மூன்றும் ஒரே தீப்பொறியில் பற்றும். மெழுகுவர்த்தி மூன்றடிக்கு அப்பால் இருக்கட்டும். சீரியல் பல்பு எல்இடியாக இருக்கட்டும். ஒயர் ஒட்டுப்போட்டதாக இருந்தால் மரத்தில் சுற்றாதீர்கள். நள்ளிரவுப் பூசைக்குப் புறப்படும்போது சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள்.

பகுதி 6: எடுத்து வைத்தல்

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் இறக்கிவிடுங்கள். பொங்கல் வெயிலில் தொங்கலை அரை மணி நேரம் புரட்டிப் போட்டு, நிழலில் ஆறவிட்டு, பிளாஸ்டிக் உறையில் அல்லாமல் பழைய பருத்தித் தலையணை உறையில் போட்டு வையுங்கள். மடிக்காமல் குச்சியில் உருட்டி வைத்தால் நடுக்கோடு விழாது. கூட ஒரு துண்டு வசம்பு போதும், அந்துருண்டையின் வாடை அடுத்த ஆண்டும் போகாது. படிகாரக் காய்களைத் தனி டப்பாவில் வையுங்கள். ஓலை நட்சத்திரங்களில் கரும்புள்ளி விழுந்தவற்றை இரக்கமில்லாமல் எரித்துவிடுங்கள். பூசணம் மற்றவற்றுக்கும் தாவும்.

தொங்கலின் பின்பக்கக் கீழ்மூலையில் உங்கள் பெயரையும் ஆண்டையும் ஒரு பருத்தி நாடாவில் தைத்து ஒட்டிவிடுங்கள். மார்க்கர் பேனாவில் எழுதினால் மூன்றாவது துவைப்பில் மங்கும், நூலாலேயே எழுதுங்கள்.